பி தேர்வுக்கு எதை வைத்துப் படிப்பது: பாடநூல், கையேடு, வீடியோ, கேள்வி வங்கி

ஆக்சுவரி, அதாவது காப்பீட்டு நிறுவனங்களின் இடர்களைக் கணக்கிடும் நிபுணர், ஆக வேண்டும் என்று முடிவெடுத்தவர்களில் பலர் முதலில் எழுதுவது, அமெரிக்காவின் சொசைட்டி ஆஃப் ஆக்சுவரிஸ் என்ற தொழில்முறை அமைப்பு நடத்தும் ‘பி’ தேர்வைத்தான். பாடம் நிகழ்தகவு மட்டுமே. மூன்று மணி நேரம், 30 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து விடைகள். சரியானதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. கேட்பதற்கு எளிதாகத்தான் இருக்கும். ஆனால் தேர்வு நடந்த பல முறைகளில், எழுதியவர்களில் பாதிப் பேர்கூடத் தேறியதில்லை. கல்லூரியில் நிகழ்தகவில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்களும் தேறாதவர்கள் பட்டியலில் இருக்கிறார்கள்.

இதற்கு என்ன படிப்பது என்று விசாரித்தால், ஆளுக்கு ஒரு பதில் கிடைக்கும். ஒருவர் பாடநூலை முதல் பக்கத்திலிருந்து படி என்பார். இன்னொருவர் இந்தத் தேர்வுக்கென்றே எழுதிய கையேடு போதும் என்பார். மூன்றாமவர் வீடியோ பார்க்காமல் முடியாது என்பார். நான்காமவர் எதையும் படிக்காதே, கணக்காகப் போட்டுத் தள்ளு என்பார். நால்வரும் தேறியவர்கள், நால்வர் சொல்வதும் அவரவருக்கு உண்மை. அதனால்தான் குழப்பம். எனக்குத் தெளிவாகத் தெரிவது இது: எந்தப் பொருளை வாங்குவது என்பதை, நீங்கள் ஒரு கணக்கில் எந்த இடத்தில் மாட்டிக்கொள்கிறீர்கள் என்பதுதான் தீர்மானிக்க வேண்டும். அதைக் கண்டுபிடிக்கக் காசு எதுவும் தேவையில்லை.

சொசைட்டியே மாதிரிக் கேள்விகளை விடை விளக்கத்தோடு இலவசமாக வெளியிட்டிருக்கிறது. சில நூறு கேள்விகள். சில பழைய தேர்வுகளில் உண்மையாகவே கேட்கப்பட்டவை. எதையும் வாங்குவதற்கு முன் அதைத் தரவிறக்கி, அங்கொன்றும் இங்கொன்றுமாக 20 கேள்விகளை எடுத்துக்கொள்ளுங்கள். தேர்வில் ஒரு கேள்விக்குக் கிடைப்பது 6 நிமிடம். ஆக இரண்டு மணி நேரம் வைத்துப் போட்டுப் பாருங்கள். எத்தனை சரி என்பதை இப்போதைக்கு விடுங்கள். தவறு ஒவ்வொன்றும் எங்கே நடந்தது என்று பாருங்கள். கேள்வியைப் படித்ததும் எப்படித் தொடங்குவது என்றே தெரியவில்லையா? தொடங்கிவிட்டீர்கள், ஆனால் தொகையிடலில் சிக்கி நேரம் போய்விட்டதா? வழி தெரிந்தும், அந்தப் பரவலின் சராசரி என்ன, வேரியன்ஸ் (பரவற்படி) என்ன என்பது நினைவுக்கு வரவில்லையா? எல்லாம் சரியாகத் தெரிந்தும் 6 நிமிடம் 10 நிமிடம் ஆகிவிட்டதா? ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

பொதுவாகப் பேசினால் இது பிடிபடாது. ஒரே கணக்கை எடுத்து, ஒவ்வொரு வகைப் பொருளும் அதை எப்படிக் கையாளுகிறது என்று பார்க்கலாம்.

கணக்கு இது. ஒரு காப்பீட்டில் இழப்பின் அளவு எக்ஸ்பொனென்ஷியல் பரவலைப் பின்பற்றுகிறது, சராசரி 1000. டிடக்டிபிள் 200, அதாவது ஒவ்வொரு இழப்பிலும் முதல் 200ஐக் காப்பீடு எடுத்தவரே ஏற்க வேண்டும், மிச்சத்தை நிறுவனம் தரும். ஓர் இழப்புக்கு நிறுவனம் சராசரியாக எவ்வளவு தரும்?

பாடநூல் வழியில் படித்தவர், இழப்பிலிருந்து 200ஐக் கழித்து, அடர்த்திச் சார்பால் பெருக்கி, 200 முதல் முடிவிலி வரை தொகையிடுவார். பகுதித் தொகையிடல் வரும். கை பழகியவருக்கு மூன்று நான்கு நிமிடம். விடை 818.73.

கையேட்டு வழியில் படித்தவர் வேறு மாதிரி யோசிப்பார். எக்ஸ்பொனென்ஷியலுக்கு ‘நினைவில்லாத் தன்மை’ உண்டு. இழப்பு 200ஐத் தாண்டிவிட்டது என்று தெரிந்தால், தாண்டிய பிறகு உள்ள மிச்சமும் அதே பரவல்தான், அதன் சராசரியும் 1000 தான். 200ஐத் தாண்டும் நிகழ்தகவு 0.8187. இரண்டையும் பெருக்கினால் 818.73. அரை நிமிடம்கூட ஆகாது.

இங்கேயே கையேடுதான் சிறந்தது என்று முடிவு கட்டிவிடத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். கணக்கில் ஒரே ஒரு சொல்லை மாற்றுங்கள்: இழப்பு 0 முதல் 2000 வரை சீரான பரவல். சராசரி இப்போதும் 1000 தான். சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்தவர், 200ஐத் தாண்டும் நிகழ்தகவு 0.9, அதை 1000 ஆல் பெருக்கினால் 900 என்று எழுதிவிடுவார். அந்த 900, கொடுத்திருக்கும் ஐந்து விடைகளில் ஒன்றாக அழகாக உட்கார்ந்திருக்கவும் கூடும். உண்மையில் 200ஐத் தாண்டிய மிச்சம் 0 முதல் 1800 வரை சீராகப் பரவுகிறது, அதன் சராசரி 900. எனவே விடை 0.9 பெருக்கல் 900, அதாவது 810. குறுக்குவழி எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பதைப் பாடநூலில் படித்தவர் தானாகவே உணர்வார். கையேட்டில் படித்தவருக்கு அது கையேட்டின் தரத்தைப் பொறுத்தது.

எனவே கையேடு வாங்கும்போது நான் பார்க்கச் சொல்வது பக்க எண்ணிக்கையை அல்ல. மாதிரிப் பக்கங்கள் இணையத்தில் கிடைத்தால் டிடக்டிபிள் பற்றிய பகுதியைத் திறந்து பாருங்கள். குறுக்குவழியைச் சொல்லும் இடத்தில், அது ஏன் வேலை செய்கிறது, எந்தப் பரவலுக்குப் பொருந்தாது என்று இரண்டு வரியாவது இருக்கிறதா? இருந்தால் அந்தக் கையேட்டை நம்பலாம். வெறும் கட்டத்துக்குள் சூத்திரம் மட்டும் இருந்தால் நம்ப வேண்டாம்.

சரி, பாடநூலையே வைத்துக்கொண்டால் என்ன? பாடத்திட்டமே சில பல்கலைக்கழகப் பாடநூல்களைப் பரிந்துரைக்கிறது. எல்லாவற்றையும் படிக்கத் தேவையில்லை, ஒன்று போதும். கல்லூரியில் நிகழ்தகவே படிக்காதவர்களுக்கும், படித்தது மறந்துபோனவர்களுக்கும் பாடநூல் நல்ல அடித்தளம். நிபந்தனை நிகழ்தகவும் பேயிஸ் தேற்றமும் ஒருவருக்கு உள்ளே இறங்கவில்லை என்றால், அவற்றை நிதானமாகச் சொல்லித்தரும் பொறுமை பாடநூலுக்குத்தான் இருக்கிறது. ஆனால் அது இந்தத் தேர்வுக்காக எழுதப்பட்டதல்ல. பாதிப் பாடநூல்கள் டிடக்டிபிள், பாலிசி வரம்பு (நிறுவனம் தரும் தொகையின் உச்சவரம்பு) போன்ற காப்பீட்டுச் சொற்களைத் தொடுவதே இல்லை. தேர்விலோ பல கேள்விகளில் காப்பீட்டுக் கதைதான் வரும். இன்னொரு பக்கம், தேர்வில் வராத எத்தனையோ நிரூபணங்கள் பாடநூலில் இருக்கும். வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர் 500 பக்கப் பாடநூலோடு தொடங்கினால், மூன்றாவது அத்தியாயத்தில் நேரம் தீர்ந்துவிடும் அபாயம் இருக்கிறது.

ஏற்கெனவே வீட்டில் ஒரு பாடநூல் இருந்தால் அதை அகராதி மாதிரி பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கையேட்டில் ஒரு விளக்கம் புரியாதபோது திறந்து, அந்தப் பகுதியை மட்டும் படித்து மூடிவிடுங்கள். இதற்காகப் புதிதாக ஒன்று வாங்குவது வீண்.

பழைய புத்தகமா, எச்சரிக்கை

புத்தகம் எதுவானாலும் ஆண்டைப் பாருங்கள். 2022 இல் பி தேர்வின் பாடத்திட்டம் மாறியது. அதற்கு முன், இரண்டு தொடர் மாறிகளின் இணைப்பரவல், அதாவது இரண்டும் சேர்ந்து எப்படிப் பரவும் என்பது, பெரிய பகுதியாக இருந்தது. தளத்தில் ஒரு பகுதியை வரைந்து, எல்லைகளைக் கண்டுபிடித்து, இரட்டைத் தொகையிடல் செய்ய வேண்டும். பலரும் பயந்ததும் அதிக நேரம் செலவிட்டதும் அங்கேதான். இப்போது இணைப்பரவல் கணக்குகள் தனிநிலை மாறிகளுக்கு (0, 1, 2 என்று தனித்தனி மதிப்புகள் எடுப்பவை) மட்டும்தான். பெரும்பாலும் ஒரு சிறிய அட்டவணையை வைத்துக் கணக்கிடுவதுதான். அதே சமயம் ஆர்டர் ஸ்டாட்டிஸ்டிக்ஸ், அதாவது பல மாறிகளில் பெரியது எப்படிப் பரவும், சிறியது எப்படிப் பரவும் என்பது பாடத்திட்டத்தில் இருக்கிறது.

இது தெரியாமல் அண்ணன் படித்த கையேடு, சீனியர் கொடுத்த கையேடு என்று பழையதை எடுத்துக்கொண்டால், தேர்வில் வராத ஒரு பகுதியோடு வாரக்கணக்கில் மல்லுக்கட்டுவீர்கள். இலவசமாகக் கிடைத்தது என்று மகிழ்ந்தது நேரமாகப் போய்விடும். பழைய கையேட்டை வைத்துத்தான் படிப்பேன் என்றால், இப்போதைய பாடத்திட்டத்தை அச்செடுத்து அட்டையில் ஒட்டிக்கொண்டு, அதில் இல்லாத பகுதிகளை முதலிலேயே பென்சிலால் அடித்துவிடுங்கள். அதிகாரப்பூர்வ மாதிரிக் கேள்விகளில் இந்தத் தொல்லை இல்லை. மாற்றத்துக்கு ஏற்ப எவற்றை நீக்கினார்கள் என்று அவர்களே குறித்துவைத்திருக்கிறார்கள்.

பாடத்திட்டத்தைப் பார்த்தால் இன்னொரு லாபமும் உண்டு. பொது நிகழ்தகவுக்கு 23 முதல் 30 சதவீதம், ஒற்றை மாறிப் பரவல்களுக்கு 44 முதல் 50 சதவீதம், பல மாறிகளுக்கு 23 முதல் 30 சதவீதம் என்று எடை கொடுத்திருக்கிறார்கள். கிட்டத்தட்ட பாதித் தேர்வு நடுப்பகுதியில் இருக்கிறது. ஏஎஸ்எம், ஆக்டெக்ஸ் என்று எந்தக் கையேட்டை எடுத்தாலும், அந்த நடுப்பகுதி எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதை வைத்தே எடை போடலாம். வரிசைமாற்றமும் சேர்வும் எல்லோரும் நன்றாகத்தான் எழுதுவார்கள்.

வீடியோ யாருக்கு

வீடியோ வகுப்புகளில் இரண்டு வகை. ஒன்று, இந்தத் தேர்வுக்காகவே எடுக்கப்பட்டவை, கட்டணம் உண்டு. மற்றது பல்கலைக்கழக விரிவுரைகள். ஹார்வர்டின் நிகழ்தகவுப் பாடமான ஸ்டாட் 110 விரிவுரைகள் முழுவதும் இலவசமாகக் கிடைக்கின்றன. நிகழ்தகவை ரசிக்க வைப்பதில் அவற்றுக்கு இணை குறைவு. நிபந்தனை நிகழ்தகவு ஏன் நம் உள்ளுணர்வை ஏமாற்றுகிறது என்பதை அங்கே பார்த்துவிட்டு வந்தால், அந்த வகைக் கணக்குகளில் உங்கள் கை தடுமாறாது. ஆனால் கடைசி விரிவுரைகளில் வரும் மார்க்கோவ் சங்கிலி இந்தத் தேர்வில் இல்லை. டிடக்டிபிள் அங்கே வராது. எனவே எல்லாவற்றையும் பார்க்க வேண்டாம், மாட்டிக்கொண்ட தலைப்பை மட்டும் பாருங்கள்.

கட்டண வீடியோவை இரண்டு பேருக்குப் பரிந்துரைப்பேன். நுண்கணிதத்தை விட்டுப் பல ஆண்டுகள் ஆனவருக்கு ஒன்று. புத்தகத்தை எடுத்தால் பத்தாவது பக்கத்தில் மனம் அலைந்துவிடும், யாராவது எதிரே நின்று சொன்னால்தான் ஏறும் என்பவருக்கு இன்னொன்று. மற்றவர்களுக்கு வீடியோ ஒரு பொறி. ஆசிரியர் கணக்கைச் சரளமாகப் போடும்போது நமக்கும் புரிந்த மாதிரியே இருக்கும். அடுத்த நாள் அதே கணக்கை வெள்ளைத் தாளில் போடச் சொன்னால் முதல் வரி வராது. வீடியோ பார்ப்பதென்றால், ஆசிரியர் கேள்வியை வாசித்ததும் நிறுத்துங்கள், நீங்கள் போட்டு முடியுங்கள், அப்புறம் ஓட விடுங்கள். இந்த ஒழுக்கம் இல்லாதவருக்கு அந்தப் பணம் கரைந்த பணம்தான்.

கேள்வி வங்கியின் பலமும் ஆபத்தும்

முன்பு பார்த்த கணக்குக்கே வருவோம். கேள்வி வங்கி, அதாவது சந்தா கட்டிப் பயிற்சிக் கணக்குகள் போட்டுப் பழகும் சேவை, அதை அப்படியே விடாது. அடுத்த முறை, நிறுவனம் தரும் தொகைக்கு 1000 என்று உச்சவரம்பு வைக்கும். விடை 818.73இலிருந்து 517.54 ஆக இறங்கும். அதற்கடுத்து, தரும் தொகையின் திட்ட விலக்கம் என்ன என்று கேட்கும். எக்ஸ்பொனென்ஷியலில் திட்ட விலக்கமும் சராசரியும் ஒன்றுதானே, 1000 தான் என்று தோன்றும். ஆனால் 200க்குக் கீழ் உள்ள இழப்புகளுக்கு நிறுவனம் தருவது பூஜ்யம், அந்தப் பூஜ்யங்களையும் சேர்த்துக் கணக்கிட்டால் உச்சவரம்பு இல்லாதபோது 983.43 வரும். பிறகு, ‘ஓர் இழப்புக்கு’ என்பதை ‘நிறுவனம் பணம் தரும் ஒவ்வொரு முறைக்கும்’ என்று மாற்றிக் கேட்கும். இப்போது சராசரி மறுபடி 1000. ஒரு சொல் மாறினால் விடை மாறுகிறது என்பதைப் புத்தகம் ஒரு முறை சொல்லும். கேள்வி வங்கி நீங்கள் விழும் வரை கேட்டுக்கொண்டே இருக்கும். தேர்வுக்கு வேண்டியது அந்தப் பழக்கம்தான்.

கோச்சிங் ஆக்சுவரிஸ் நிறுவனத்தின் ‘அடாப்ட்’ இந்த வகையில் மிகவும் அறியப்பட்டது. நீங்கள் சரியாகப் போடப் போட, கடினமான கேள்விகளைத் தரும்; 10 வரை ஒரு நிலை எண்ணும் காட்டும். நிலை 7ஐத் தொட்டால் தேர்வுக்குப் போகலாம் என்று மாணவர்களிடையே ஒரு பேச்சு உண்டு. அடையாளமாக அது பரவாயில்லை. ஆனால் எண்ணைத் துரத்த ஆரம்பித்தால் சிக்கல். மேல்நிலைக் கேள்விகள் உண்மைத் தேர்வைவிடக் கடினமானவை என்பது எழுதியவர்கள் பலரும் சொல்வது. அதில் 15 நிமிடம் போராடிப் பழகியவர், தேர்வில் எளிய கேள்வியையும் சந்தேகத்தோடு சுற்றிச் சுற்றி வருவார். நடுத்தரக் கேள்விகளை 4 நிமிடத்தில் தவறில்லாமல் முடிக்கும் வேகம் அதைவிட அதிக மதிப்பெண் தரும்.

அதிகாரப்பூர்வ மாதிரிக் கேள்விகள் இருக்கும்போது இதற்கு ஏன் காசு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கறாராகப் படிப்பவருக்கு அந்த இலவசத் தொகுப்பும் ஒரு கையேடும் போதும், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தத் தொகுப்பில் இரண்டு குறைகள் உண்டு. விடை விளக்கம் பல இடங்களில் இரண்டு மூன்று வரிதான். ஏன் அப்படித் தொடங்கினார்கள் என்பது இருக்காது. அப்புறம், தலைப்புகள் ஒழுங்காகப் பிரிக்கப்படவில்லை. பாய்சான் பரவலில் மட்டும் பயிற்சி வேண்டும் என்றால் நீங்களே தேடிப் பொறுக்க வேண்டும். இந்த இரண்டும் உங்களுக்குப் பிரச்சினை இல்லை என்றால் கேள்வி வங்கியை விட்டுவிடலாம். ஒருமுறை போட்ட கேள்வியை மறுமுறை பார்த்ததும் விடை ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது என்ற கட்டத்தை நீங்கள் எட்டிவிட்டால், அப்போது வாங்குங்கள்.

எதை வாங்கினாலும் அந்த மாதிரிக் கேள்விகளில் ஐம்பது அறுபதைத் தொடாமல் கடைசி இரண்டு வாரங்களுக்கு ஒதுக்கிவையுங்கள். உண்மைத் தேர்வின் மொழிநடை அவற்றில்தான் இருக்கிறது; எந்த வெளி நிறுவனக் கேள்வியும் அந்த நடையை முழுதாகப் பிடிப்பதில்லை.

நேரத்தை வைத்துப் பார்த்தால்

தேர்வு ஒரு மணி நேரத்துக்கு 100 மணி நேரப் படிப்பு என்பது இந்தத் துறையில் வழிவழியாகச் சொல்லும் கணக்கு. இந்தத் தேர்வுக்கு 300 மணி நேரம். எல்லோருக்கும் அவ்வளவு ஆகாது, சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். என் கருத்தில், அதில் குறைந்தது பாதியாவது கணக்குப் போடுவதற்குப் போக வேண்டும். பாடநூல், கையேடு, வீடியோ மூன்றையும் வாங்கிவிட்டவருக்கு அந்தப் பாதி மிஞ்சாது. படிக்கும் பொருள் ஒன்று, பயிற்சிக்கான பொருள் ஒன்று அல்லது இரண்டு, அவ்வளவுதான் வாங்க வேண்டியது.

கேள்வி வங்கிச் சந்தாவை எப்போது தொடங்குவது என்பதும் முக்கியம். கையேட்டை முடிப்பதற்கு முன்பே வாங்கினால் பாதிச் சந்தாக் காலம் சும்மா ஓடிவிடும். தேர்வு நாளை உறுதி செய்துவிட்டு, அதிலிருந்து ஆறேழு வாரம் பின்னால் எண்ணி அன்று தொடங்குங்கள்.

இதே நேரத்தில் கால்குலேட்டரையும் வாங்கிவிடுங்கள். அனுமதிக்கப்பட்டவை டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் சில மாடல்கள் மட்டுமே. டிஐ 30எக்ஸ்எஸ் மல்டிவியூவைத் தயங்காமல் சொல்வேன். பல வரிகளை ஒரே திரையில் காட்டும், முந்தைய கணக்கை மேலே போய்த் திருத்தலாம், மதிப்புகளையும் நிகழ்தகவுகளையும் அட்டவணையில் போட்டால் சராசரியும் திட்ட விலக்கமும் தானே வரும். இப்போது இணைப்பரவல்கள் தனிநிலையாகிவிட்டதால் இந்த வசதி முன்பைவிட அதிகம் உதவும். முதல் நாளிலிருந்தே அதில்தான் பயிற்சி செய்ய வேண்டும்.

இரண்டாம் முறை எழுதுபவருக்கு

முதல் முறை தேறாதவர்கள் உடனே செய்வது வேறொரு கையேடு வாங்குவது. மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். 0 முதல் 10 வரை தருகிறார்கள், 6 வந்தால் தேர்ச்சி. 5 வாங்கியவருக்குப் பாடம் தெரியும். அவருக்குப் புதிய கையேடு பழையதையே வேறு சொற்களில் சொல்லும், அவ்வளவுதான். அவர் கடிகாரத்தை வைத்து முழுத் தேர்வுகளாக எழுத வேண்டும். மாதிரித் தேர்வுகள் நிறைய உள்ள கேள்வி வங்கி அவருக்குச் சரியான செலவு.

2 அல்லது 3 வாங்கியவர் கேள்வி வங்கியில் பணம் போட வேண்டாம். அவர் விழுவது கணக்கின் முதல் வரியில். நிபந்தனை நிகழ்தகவு, பரவல்களின் அடிப்படை, டிடக்டிபிளும் உச்சவரம்பும், இந்த மூன்றையும் நல்ல கையேட்டிலோ வீடியோவிலோ மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டும். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் அதிகாரப்பூர்வத் தொகுப்பிலிருந்து அந்தத் தலைப்பில் பத்துக் கேள்வி பொறுக்கிப் போட்டு, அதில் குறைந்தது எட்டு சரியாக வந்த பிறகுதான் அடுத்த பகுதிக்குப் போக வேண்டும். தேர்வு ஆண்டில் பல முறை நடக்கிறது. ஒரு வாய்ப்பை விட்டு அதற்கடுத்ததில் எழுதுவது அவருக்கு நல்லது.